போடியம் காலியாக இருக்கக் கூடாது

என் மேசை இழுப்பறையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த கால் பக்கம். பென்சிலால் 'வந்து – 11, அதாவது – 4, ம்ம் – 6' என்று எழுதியிருக்கும். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே அடித்து எண்ணிய தடமும் பக்கத்திலேயே இருக்கும். மேடைப் பேச்சைக் கூடிப் பழகும் ஒரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் நான் முதல் முறை எழுந்து பேசிய ஒரு நிமிடம் பத்து விநாடியின் கணக்கு அது.

அன்றைக்கு நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போயிருந்தேன். பின் வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். 'டேபிள் டாபிக்ஸ்' என்ற பகுதி வந்தது. தலைப்பை முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். பெயரைக் கூப்பிடுவார்கள், எழுந்து போய் ஒரு நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். விருந்தினர் விருப்பப்பட்டால் பேசலாம் என்றார்கள். எந்தத் தைரியத்தில் கையைத் தூக்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "யாருக்காவது சொல்லாமல் விட்ட நன்றி ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். என் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியையைப் பற்றி ஆரம்பித்தேன். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிடம் ஆனதும் எதிரே பச்சை அட்டை உயர்ந்தது. 'போதுமான அளவு பேசிவிட்டீர்கள்' என்பதுதான் அதற்கு அர்த்தம். எனக்கோ விடுதலைக்கான அனுமதி மாதிரித் தெரிந்தது. அவசரமாக ஒரு வரியைச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கூட்டம் முடிந்ததும் நரைத்த மீசை வைத்த ஒருவர் வந்து இந்தச் சீட்டை நீட்டினார். அன்றைக்கு 'ஆ கவுண்டர்' அவர். பேசுகிறவர் வாயில் வரும் தேவையில்லாத அசைகளை எண்ணுகிற பொறுப்பு அது. "நல்லா பேசினீங்கம்மா. இதைப் பத்திரமா வச்சுக்கோங்க, ஆறு மாசம் கழிச்சு எடுத்துப் பாருங்க" என்றார். அப்புறம், கொஞ்சம் தயங்கி, "கடைசி வரியை மட்டும் எங்ககிட்ட சொல்லாம கதவுகிட்ட சொல்லிட்டுப் போயிட்டீங்க" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த வாக்கியம்தான் மனதில் ஓடியது. குறை சொன்னாரே என்று வருத்தமில்லை. நான் பேசியதை ஒருவர் இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்கிறார், என் கண் எந்தப் பக்கம் திரும்பியது என்றுகூடப் பார்த்திருக்கிறார் என்ற நினைப்பு என்னை உலுக்கிவிட்டது. அடுத்த வாரமே உறுப்பினராகச் சேர்ந்தேன். பத்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

இந்த ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்கள் என்று பிறகு தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நூறு வருடங்களைத் தாண்டிய இந்த மன்றத்தின் கதை பல தோல்விகளில் தொடங்குகிறது. எனக்கு அந்தத் தோல்விகள்தான் மிகவும் பிடித்த பகுதி.

ரால்ஃப் ஸ்மெட்லி 1878-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். 1903-ல் பட்டம் பெற்று, அதே மாநிலத்தில் ப்ளூமிங்டன் ஊரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ.வில் கல்விப் பிரிவுக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். அங்கே வந்துபோகும் பெரிய பையன்களிடம் அவர் ஒன்றைக் கவனித்தார். சொல்வதற்கு விஷயம் இருக்கிறது, நாலு பேர் முன்னால் எழுந்து நின்று சொல்லத்தான் வரவில்லை. ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கத் தெரியவில்லை. குழுவாக உட்கார்ந்து ஒரு முடிவெடுக்கத் தெரியவில்லை. 1905-ல், தன் 27-வது வயதில், அவர்களுக்காக ஒரு மன்றம் தொடங்கினார். ஆளுக்கு ஒரு முறை தலைமை. மற்றவர்கள் சின்னச் சின்ன உரைகள். பேசி முடித்ததும் அதைப் பற்றிய கருத்து.

பெயர் வைத்ததிலும் அவருடைய குணம் தெரிகிறது. அந்தக் காலத்து விருந்துகளில் பேச்சாளர்களை அறிமுகப்படுத்தி, கோப்பையை உயர்த்தி வாழ்த்துச் சொல்லி, நிகழ்ச்சியை நடத்திக்கொண்டு போகிறவருக்கு 'டோஸ்ட்மாஸ்டர்' என்று பெயர். பயிற்சி வகுப்பு, சொற்பொழிவுப் பள்ளி என்றெல்லாம் வைத்திருந்தால் பையன்கள் வாசலோடு திரும்பியிருப்பார்கள். விருந்துக்கு வருகிற மனநிலையில் வரட்டும் என்று நினைத்திருக்கிறார். மகிழ்ச்சியாக இருக்கும் நேரத்தில்தான் நாம் நன்றாகக் கற்றுக்கொள்கிறோம் என்பது அவருடைய வாக்காக மன்றங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. எங்கள் கூட்டங்களில் ஒவ்வொரு உரைக்கும் முன்னும் பின்னும் கை தட்டுகிறோமே, அதற்கு வேர் இங்கேதான்.

மன்றம் நன்றாக நடந்தது. பிறகு ஸ்மெட்லிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவர் போனதும் ப்ளூமிங்டன் மன்றம் நின்றுபோனது. போன ஊரில் இன்னொன்று தொடங்கினார். அங்கிருந்தும் அவர் கிளம்ப வேண்டி வந்தது, அதுவும் நின்றது. ஃப்ரீபோர்ட், ராக் ஐலண்ட், கலிஃபோர்னியாவில் சான் ஹோசே என்று போன இடத்தில் எல்லாம் இதே கதை. அவர் இருக்கும்வரை கலகலப்பு, கிளம்பியதும் விளக்கை அணைத்துவிடுவார்கள். அடுத்து வந்த நிர்வாகிகளுக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை. இப்படிக் கிட்டத்தட்ட இருபது வருடங்கள் ஓடின.

ஒரே காரியத்தை இருபது வருடம் திரும்பத் திரும்பத் தொடங்கி, ஒவ்வொன்றும் தன் முதுகுக்குப் பின்னால் மூடப்படுவதைப் பார்த்த மனிதர் மறுபடியும் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருக்கிறார். அந்த மனத்தை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

1922-ல் கலிஃபோர்னியாவின் சான்டா அனாவில் இருந்த ஒய்.எம்.சி.ஏ.வுக்கு வந்தார். 1924 அக்டோபர் 22-ம் தேதி அந்தக் கட்டடத்தின் அடித்தள அறையில் ஒரு கூட்டம் கூடியது. அவருக்கு அப்போது 46 வயது. நின்றுபோகாத மன்றம் அதுதான். டோஸ்ட்மாஸ்டர்ஸ் தன் பிறந்தநாளாகக் கணக்கு வைத்திருப்பதும் அந்தத் தேதியைத்தான், 1905-ஐ அல்ல.

சான்டா அனாவில் மட்டும் ஏன் பிழைத்தது? அவர் அங்கேயே தங்கிவிட்டார் என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் போதாது என்பது என் எண்ணம். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு எங்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். எல்லா ஊருக்கும் ஸ்மெட்லி போய் உட்கார முடியாது. அதனால் கூட்டத்தை எப்படி நடத்துவது, யார் என்ன பொறுப்பு எடுப்பது, பேச்சை எப்படி மதிப்பிடுவது என்று கையேடு எழுதினார். அதுவரை அவர் தலைக்குள் இருந்த மன்றம் காகிதத்துக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்தலாம் என்று ஆனது. அவர் இல்லாமலும் நடக்கிற மாதிரி செய்த அன்றைக்குத்தான் அது நிலைத்தது என்று நான் நம்புகிறேன்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1930-ல் மன்றங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து ஒரு குழு தாங்களும் சேர வேண்டும் என்று கேட்டதும், பெயரில் 'இன்டர்நேஷனல்' வந்தது. 1932-ல் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்தார்கள். 1938-ல் சர்வதேசப் பேச்சுப் போட்டி தொடங்கியது.

பேசுவதற்கென்று ஆட்கள் கூடுவது ஸ்மெட்லிக்கு வெகு காலம் முன்பே உண்டு. பெஞ்சமின் பிராங்க்ளின் 1727-ல் ஃபிலடெல்பியாவில் 'ஜுண்டோ' என்றொரு குழு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடுவார்கள். நான் சொல்வதுதான் சரி என்று அடித்துப் பேசினாலோ, அடுத்தவரை முகத்துக்கு நேராக மறுத்துப் பேசினாலோ அங்கே சின்ன அபராதம் உண்டு. இதைப் படித்தபோது என் இழுப்பறைச் சீட்டு நினைவுக்கு வந்தது. பேச்சில் எதை எண்ண வேண்டும் என்பதை ஒவ்வொரு காலமும் தனக்கு ஏற்ற மாதிரி முடிவு செய்திருக்கிறது. லண்டனில் 1755-ல் தொடங்கிய 'கோகர்ஸ்' என்ற விவாதச் சங்கமும் உண்டு. அங்கே தலைமை தாங்குகிறவருக்கு 'கிராண்ட்' என்று பெயர். அண்மைச் செய்திகளை ஒருவர் அலசித் தொடங்கி வைப்பார், மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்வார்கள்.

அங்கெல்லாம் கருத்துதான் முக்கியம். ஸ்மெட்லியின் மன்றத்தில் உங்கள் கருத்தை யாரும் எதிர்க்க மாட்டார்கள். நீங்கள் சொன்னது அவர்களுக்கு உடன்பாடா இல்லையா என்ற பேச்சே எழாது. சொன்ன விதத்தைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். அதைச் சொல்பவரும் ஆசிரியர் கிடையாது. போன வாரம் அதே இடத்தில் நின்று கை நடுங்கியவர்தான் இன்றைக்கு உங்கள் மதிப்பீட்டாளர். அவருக்கு இரண்டிலிருந்து மூன்று நிமிடம். உங்களுக்கு எது நன்றாக வந்தது, எதைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். அவர் சொன்ன விதத்தையும் கூட்டத்தின் முடிவில் பொது மதிப்பீட்டாளர் மதிப்பிடுவார். மதிப்பீட்டுக்கு அப்பாற்பட்டவர் என்று அந்த அறையில் யாரும் கிடையாது.

புதிதாக வருகிறவர்கள் பேசக் கற்றுக்கொள்ளத்தான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் இங்கே ஒரு கூட்டத்தில் இரண்டு அல்லது மூன்று பேர் உரை நிகழ்த்தினால் மீதிப் பேர் கேட்கிறார்கள். சும்மா கேட்பதில்லை, வேலையாகக் கேட்கிறார்கள். ஒருவர் நேரத்தைப் பார்க்கிறார். ஒருவர் மொழியைக் கவனிக்கிறார். நல்ல சொல்லாட்சியையும் தப்பான பிரயோகத்தையும் குறித்து வைத்துக்கொள்கிறார். ஒருவர் அசைகளை எண்ணுகிறார். முதல் முறை நான் ஆ கவுண்டராக உட்கார்ந்த அன்று, இரண்டு மணி நேரம் மனிதர்கள் பேசியதை ஒரு சொல் விடாமல் கேட்டேன். வீட்டிலும் சரி, அலுவலகத்திலும் சரி, அதற்கு முன்னால் நான் அப்படி யாரையும் கேட்டதில்லை. அடுத்த நாள் காலையில் தொலைபேசியில் அம்மா பேசியபோது, "அப்புறம்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிறுத்துகிறாள் என்பது காதில் விழுந்தது. நான் ஏதாவது சொல்வேன் என்று அந்த இடத்தில் காத்திருந்திருக்கிறாள். எத்தனை வருடமாகக் காத்திருந்தாளோ.

ஒரு விஷயத்தை இங்கே மறைக்க எனக்கு மனமில்லை. சான்டா அனாவின் அடித்தள அறையில் 1924-ல் கூடியவர்கள் எல்லாரும் ஆண்கள். அதற்கப்புறம் 49 வருடங்கள் விதிப்படி ஆண்கள் மட்டும்தான். எல்லாரும் சமமாகப் பேசிப் பழகுகிற இடம் என்று பெருமைப்பட்ட ஒரு மன்றம், பாதி உலகத்தை வாசலில் நிறுத்தி வைத்திருந்தது. ஒரு பெண்ணாக இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் மறுபடியும் திறந்தேன்.

ஆண்களுக்குச் சர்வதேசப் போட்டி தொடங்கிய அதே 1938-ல், எர்னஸ்டைன் ஒயிட் என்ற பெண்மணி பெண்களுக்காக 'டோஸ்ட்மிஸ்ட்ரஸ்' மன்றங்களின் சர்வதேச அமைப்பை உருவாக்கினார். உள்ளே விடாத வீட்டுக்குப் பக்கத்திலேயே தங்கள் வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். பெயர்கள் மாறி, அந்த அமைப்பு பின்னாளில் 'பவர்டாக் இன்டர்நேஷனல்' ஆனது.

ஆண்கள் மன்றத்தின் கதவு திறந்த கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது. சான் டியாகோவில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகம் ஒன்றில் ஹெலன் பிளாஞ்சர்ட் வேலை பார்த்தார். அங்கே ஒரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் இருந்தது. சேர வேண்டும் என்று அவருக்கு ஆசை. கூட வேலை பார்த்த ஆண்களுக்கும் அவரைச் சேர்த்துக்கொள்ள விருப்பம்தான். விதி இடம் கொடுக்கவில்லை. அதனால் 1970-ல் அவருடைய விண்ணப்பத்தை 'ஹோமர் பிளாஞ்சர்ட்' என்று ஆண் பெயரில் எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பினார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டது. காகிதத்தில் ஹோமர், கூட்டத்தில் ஹெலன்.

தன் குரலைப் பழக்கிக்கொள்வதற்காக ஒருவர் தன் பெயரை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருந்தது. முதல் உரையில் எல்லாரும் தங்களைப் பற்றித்தான் பேச வேண்டும். 'ஐஸ் பிரேக்கர்' என்பார்கள், நாலிலிருந்து ஆறு நிமிடம். நான் என் பெயரைச் சொல்லித் தொடங்கினேன். என் பாட்டி பெயர் அது, அது எனக்கு எப்படி வந்தது என்று ஒரு நிமிடம் சொன்னேன். ஹெலனின் கதை அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு, புதிதாக ஒரு பெண் முன்னால் போய் நின்று தன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் நான் கூர்ந்து கவனிக்கிறேன். சிலர் பெயரை விழுங்கிவிடுவார்கள். மதிப்பீடு என் பொறுப்பாக இருந்தால் முதலில் அதைத்தான் சொல்வேன். பெயரைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துங்கள், எங்கள் காதில் அது போய் உட்காரட்டும் என்பேன்.

1973-ல் மாநாட்டில் வாக்கெடுத்து விதியை மாற்றினார்கள். பெண்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே சேரலாம் என்று ஆனது. ஸ்மெட்லி அதைப் பார்க்கவில்லை, 1965-லேயே காலமாகிவிட்டார். 1985-ல் உலக அமைப்பின் தலைவர் நாற்காலிக்கு முதல் முறையாக ஒரு பெண் வந்தார். அந்தப் பெண், ஹோமர் என்ற பெயரில் உள்ளே வந்த ஹெலன் பிளாஞ்சர்ட்தான்.

மற்ற வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலைமையகம் சான்டா அனாவிலிருந்து 1990-ல் ராஞ்சோ சான்டா மார்கரிட்டாவுக்குப் போனது. பிறகு 2018-ல் கொலராடோ மாநிலத்து எங்கிள்வுட்டுக்கு மாறியது. இன்றைக்குச் சுமார் 150 நாடுகளில் 2.5 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வருடா வருடம் நடக்கும் உலகப் போட்டி பிரபலமானது. 2014-ல் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி வென்றார், 2015-ல் சவூதி அரேபியாவின் முகமது கஹ்தானி. ஏழு நிமிடத்துக்குள் பேச வேண்டும், முப்பது விநாடிதான் சலுகை. அதைத் தாண்டினால் எவ்வளவு அழகாகப் பேசினாலும் தகுதி போய்விடும். அந்த உரைகளைப் பார்த்து வியந்திருக்கிறேன். இருந்தாலும் இந்த மன்றத்தின் உயிர் போட்டிகளில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அது வாரநாள் மாலையில் பாதி நிறைந்த அறையில் இருக்கிறது.

அப்படி ஓர் அறையை, பாதிகூட நிறையாமலும் பார்த்திருக்கிறேன். புதிய மன்றம் தொடங்க 20 பேர் வேண்டும். நல்ல நிலையில் இருப்பதாகக் கணக்கில் வர, குறைந்தது 8 பேராவது சந்தா கட்டியிருக்க வேண்டும். எங்கள் மன்றம் ஒரு சமயம் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றது. சிலர் வேலை மாறிப் போனார்கள், சிலருக்குக் குழந்தை பிறந்தது, சிலர் கற்றது போதும் என்று நின்றுகொண்டார்கள். ஒரு நாள் மாலை நல்ல மழை. நாலு பேர்தான் வந்தோம். நான், எனக்குச் சீட்டு கொடுத்த அந்த ஐயா, வங்கியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்.

போய்விடலாமா என்று நான்தான் கேட்டேன். ஐயா நிகழ்ச்சி நிரலை எடுத்து மேசையில் வைத்தார். "நாலு பேருக்குப் பன்னிரண்டு வேலை, ஆளுக்கு மூணு. வாங்க" என்றார். அன்றைக்கு நான் நெறியாளர், ஒரு மதிப்பீட்டாளர், ஆ கவுண்டர். அந்தப் பெண் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இலக்கணத்தையும் பார்த்தாள், நடுவில் தன் உரையையும் நிகழ்த்தினாள். அவள் பேசும்போது பச்சை அட்டையை ஐயா வாங்கிக்கொண்டார். நாலு பேர் கை தட்டினால் மழைச் சத்தத்தில் பாதி காணாமல் போய்விடும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் தட்டினோம்.

எங்கள் மன்றங்களில் ஒரு வழக்கம் உண்டு. நெறியாளர் பேச்சாளரை அழைத்துவிட்டு, போடியத்தை, அதாவது நின்று பேசும் மேடையை விட்டு உடனே நகர்ந்துவிட மாட்டார். பேச்சாளர் நடந்து வரும்வரை அங்கேயே நின்று கை தட்டுவார். வந்ததும் கை குலுக்கி, இடத்தை ஒப்படைத்துவிட்டுத்தான் போவார். பேசி முடித்தவரும் நெறியாளர் வந்து கை கொடுக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். போடியம் ஒரு கணம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். முதலில் இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தேன். அந்த மழை மாலையில் ஐயாவை அழைத்துவிட்டு நான் நின்றேன். அவருக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் எழுந்து வந்தார். மூன்று நாற்காலி தூரம்தான். நான் தட்டிக்கொண்டே நின்றேன். வந்து கை கொடுத்தார், கை சில்லென்று இருந்தது. அந்தச் சமயத்தில் எனக்கு ஸ்மெட்லி ஞாபகம் வந்தார். ஊர் ஊராகப் போய்த் தொடங்கி, கிளம்பும்போது கை நீட்டினால் வாங்கிக்கொள்ள எதிரே ஆள் இல்லாமல் நின்ற ஸ்மெட்லி.

2020-ல் கூட்டங்கள் ஜூமுக்குப் போனபோது போடியமே இல்லாமல் போனது. கை குலுக்கவும் முடியாது. டைமர் என்ன செய்வார் என்று யோசித்தோம். யாரோ ஒரு வழி கண்டுபிடித்து உலகம் முழுக்கப் பரவியது. நேரம் பார்ப்பவர் தன் திரையின் பின்னணியையே பச்சையாக, மஞ்சளாக, சிவப்பாக மாற்றிக் காட்டுவார். சதுரம் சதுரமாகத் தெரியும் முகங்களுக்கு நடுவே ஒரு சதுரம் மட்டும் சிவக்கும். பல மன்றங்கள் அந்த வருடங்களில் மூடப்பட்டன. எங்களுடையது தப்பியது. வங்கி இளைஞர் வேறு நாட்டுக்குப் போன பிறகும் அங்கிருந்து நடுராத்திரியில் விழித்திருந்து சேர்ந்துகொள்வார். பக்கத்து அறையில் தூங்குகிறவர்களுக்காகக் கிசுகிசுப்பாகப் பேசுவார். குரலை ஏற்றி இறக்கிப் பேசுவது பற்றிய உரையைக்கூட அவர் அப்படிக் கிசுகிசுப்பாகத்தான் பேசினார். ஐயாதான் மதிப்பீடு. "ஒரு சொல்கூடத் தவறாமக் கேட்டுச்சு தம்பி" என்றார்.

நான் சேர்ந்த காலத்தில் பத்து உரைகள் கொண்ட ஒரு கையேடு இருந்தது. அதை முடித்தால் ஒரு கட்டம் தாண்டியதாகக் கணக்கு. ஐந்தாவது உரை உடல்மொழி பற்றியது. அதற்காக நான் கண்ணாடி முன் நின்று பழகியதில், பாட்டியைப் போலவே நானும் பேசும்போது வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன் என்று தெரிந்தது. இப்போது அந்தக் கையேடு வழக்கத்தில் இல்லை, எல்லாம் இணையவழிப் பாடத்திட்டம் ஆகிவிட்டது. நல்லதுதான். ஆனால் கையேட்டின் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே மதிப்பீட்டாளர் கையால் எழுதித் தர ஒரு பக்கம் இருக்கும். பத்துப் பேருடைய பத்து விதக் கையெழுத்து. அதை நான் தூக்கிப் போடவில்லை.

2024-ல் மன்றத்துக்கு நூறு வயது ஆனது. சான்டா அனாவுக்குப் பக்கத்தில் ஆனஹைமில் அந்த வருட மாநாடு நடந்தது. எங்களில் யாரும் போகவில்லை. அக்டோபர் 22-ம் தேதியை ஒட்டி வந்த எங்கள் வாராந்திரக் கூட்டத்தையே கொண்டாட்டமாக வைத்துக்கொண்டோம். அன்றைக்குப் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். ஐயாவை 1905-ம் வருடத்தைப் பற்றிப் பேசச் சொன்னோம். மன்றத்தில் பேச்சை மதிப்பிடாமல் விடுவதில்லை என்பதால் அதற்கும் ஒரு மதிப்பீட்டாளர் இருந்தார். மழை நாளன்று மூன்று வேலை பார்த்த அந்தப் பெண்தான். இப்போது அவள் எங்கள் மன்றத் தலைவர். எழுந்து போய் நின்று, "ஐயா, சான் ஹோசேயோட நிறுத்தி ஒரு மூச்சு விட்டீங்க பாருங்க, அங்க நாங்களும் மூச்சை நிறுத்திட்டோம்" என்று ஆரம்பித்தாள்.

அன்றைக்கும் நான்தான் ஆ கவுண்டர். பின் வரிசையில் ஒரு பையன், பதினெட்டு வயது இருக்கும், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். டேபிள் டாபிக்ஸ் வந்ததும் கையைத் தூக்கினான். நாற்பது விநாடி பேசினான். பச்சை அட்டை வருவதற்குள் உட்கார்ந்துவிட்டான். நான் நோட்டில் கால் பக்கத்தைக் கிழித்து, 'வந்து – 7, இந்த – 5' என்று எழுதி, கூட்டம் முடியும்வரை கையில் வைத்திருந்தேன்.